நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஏறிய மரம்

அந்த ஊரில் பதினொரு வருடங்கள் யாரும் காய்ச்சலில் சாகவில்லை. பிரசவத்தில் சாகவில்லை. முதுமையில் சாகவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அத்தனை பேரும் மரத்திலிருந்து தவறி விழுந்து செத்தார்கள். நான் சொல்லவில்லை, இறப்புப் பதிவேடு சொல்கிறது. பதிவேடு பொய் சொல்லாது என்று பதிவாளர் சொல்கிறார். பதிவாளர் பொய் சொல்லமாட்டார் என்பதற்கு அவருடைய நாற்காலிக்குப் பின்னால், கண்ணாடி அலமாரியில், ஏழு கேடயங்கள் சாட்சி நிற்கின்றன.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இது எதுவும் தெரியாது. தாத்தா எப்படிச் செத்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் தன் அப்பா பிறந்த ஊருக்கு முதல் தடவையாக வந்திருந்தான்.

போன வாரம் அவனுடைய பெண், பதினாறு வயது, பள்ளி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்தாள். ஒரு நிமிடம் கழித்து எழுந்து, எல்லாரும் ஏன் சுற்றி நிற்கிறார்கள் என்று கேட்டாள். டாக்டர் அவளுடைய இதயத் துடிப்பைத் தாளில் இழுத்துப் பார்த்தார்.

“இதுல பெருசா ஒண்ணும் தெரியல. உங்க வீட்டு ஆளுங்களைச் சொல்லுங்க.”

மெக்கானிக் சொன்னான். அப்பா நாற்பத்தொரு வயதில், நாற்காலியில் உட்கார்ந்தபடி. மூன்று வருடம் முன்பு அண்ணன், முப்பத்தொன்பதில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

“ரெண்டு பேர்னா தற்செயலாக்கூட இருக்கலாம். உங்க அண்ணன் சிகரெட் வேற பிடிச்சார்ங்கறீங்க. அவங்களுக்கு மேல? உங்க தாத்தா?”

“அப்பாவுக்கு மூணு வயசு இருக்கும்போதே போயிட்டாராம் டாக்டர். எப்படின்னு தெரியாது.”

“தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அவரும், அவர் கூடப் பிறந்தவங்களும் இதே மாதிரி உட்கார்ந்த இடத்துல, படுத்த இடத்துல போயிருந்தா, பொண்ணு நெஞ்சுல ஒரு சின்ன மெஷின் வெக்கணும். ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டேன். வேற எதுலயாவது போயிருந்தா, பதினாறு வயசுப் பொண்ணு நெஞ்சுல நான் சும்மா கத்தி வெக்க மாட்டேன்.”

ஆகவே மெக்கானிக் அத்தையை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினான். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அறுபத்தாறு வயது. முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். ஒரு நம்பரை ஒருமுறை கேட்டால் சாகும்வரை மறக்காதவள். அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவளுடைய அப்பா செத்தார்; எப்படி என்று பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. அதே மாதம் அம்மா இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனாள். அந்த வீட்டைப் பற்றி அம்மா அதன் பிறகு வாயைத் திறக்கவே இல்லை. சின்ன வயது ஞாபகம் கொஞ்சம் போக, அத்தைக்குத் தெரிந்தது வீட்டு எண் மட்டும். பதினேழு.

அலுவலகத்தின் முகப்பில் ‘மூதாதையர் வரவேற்பு மையம்’ என்று ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தது. அதன் கீழே, விரல் உயர எழுத்தில், ‘பிறப்பு இறப்புப் பதிவகம், பின்வாசல் வழியாக’. பின்வாசல் பூட்டியிருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டு அட்டைகளை எடுத்து அவர்கள் கழுத்தில் மாட்டினாள். ‘வேரைத் தேடி வந்தவர்’ என்றது அட்டை.

“என்னடா இது, விலைச் சீட்டு மாதிரி?” என்றாள் அத்தை.

படிவத்தில் நாற்பத்தாறு கேள்விகள். ஏழாவது கேள்வி தேடலின் நோக்கம். அ, பெருமை. ஆ, பரவசம். இ, நூல் வெளியிடுதல். ஈ, கண்ணீர்.

“எதையாவது ஒண்ணை டிக் பண்ணுங்க சார்.”

“என் பொண்ணு உயிர் விஷயமா வந்திருக்கேன்மா.”

அந்தப் பெண் படிவத்தை வாங்கி நிஜமாகவே தேடிப் பார்த்தாள். “உயிர் இல்லியே சார். கண்ணீர்னு போட்டுக்கறேன், அதுதான் கிட்டக்க வருது.”

பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன் பதிவாளரின் வரவேற்புரையைக் கேட்டாக வேண்டும் என்பது விதி. கேட்பவர்கள் இரண்டு பேர்தான் என்பதற்காகப் பதிவாளர் மைக்கைத் தவிர்க்கவில்லை. பத்தடி தூரத்தில் நின்று அதில் பேசினார்.

“வேர்களே, வருக! ஒரு மனிதனுக்குத் தன் முன்னோரைத் தெரியாவிட்டால் அவன் யார்? அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இந்த மையம் பிறந்தது. சென்ற ஆண்டு இங்கே வந்தவர்கள் ஆயிரத்து அறுநூறு பேர். அவர்களில் எத்தனை பேர் தேடியது கிடைத்துத் திரும்பினார்கள் என்று சில குறுகிய மனங்கள் கேட்கின்றன. தேடல்தான் முக்கியம், கிடைப்பது அல்ல என்பதே இந்த அலுவலகத்தின் கொள்கை. அந்தக் கொள்கையிலிருந்து நாங்கள் ஒரு நாளும் வழுவியதில்லை!”

தனக்குத் தானே கைதட்டும் வழக்கம் அவருக்கு இல்லை. அதற்கு ஒரு உதவியாளர் இருந்தார்.

ஒரு வழியாகப் பதிவேடு வந்தது, நான்கு புத்தகங்களாக. மேஜைமேல் விரித்த துணியில் அதை வைத்தார்கள். தொடக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. பக்கம் திருப்ப வேண்டுமானால் கையை உயர்த்த வேண்டும், உதவியாளர் திருப்புவார்.

முதல் வரி முத்துமுத்தான கையெழுத்தில் இருந்தது. ஆண், வயது இருபத்தொன்பது, வீட்டு எண் நான்கு. இறந்த இடம், வீட்டின் பின்புறம். காரணம்: ‘கூரையில் சாய்ந்த கிளையை வெட்ட ஏறி, மரத்திலிருந்து தவறி விழுந்து’. அடுத்த வரி, பெண், எழுபத்திரண்டு. காரணம்: ‘மேற்படி’. அதற்கடுத்த வரி, மேற்படி. பிறந்து ஒன்பது நாளான குழந்தை, மேற்படி. ஒரே வீட்டில் ஒரே நாளில் தாய், பிள்ளை, மேற்படி, மேற்படி. ஒரு தெருவில் ஒரு மாதத்தில் எட்டுப் பேர், எட்டு மேற்படி. முதல் பதிவேடு தீர்ந்து இரண்டாவது பதிவேடு தொடங்கியபோது, அதன் முதல் பக்கத்தின் முதல் வரியிலேயே, மேலே வெறும் தாள் மட்டும் இருக்க, மேற்படி.

மூன்றாவது பதிவேட்டில் தாத்தா இருந்தார். வயது முப்பத்தேழு. வீட்டு எண் பதினேழு. காரணம், மேற்படி.

“எங்கப்பாவா?” என்றாள் அத்தை. “மரத்துலயா? யோவ், எங்கப்பாவுக்கு இடது கால் முட்டிக்குக் கீழ கிடையாது. மரக்கால். ரயில்வேல டிக்கெட் குடுக்கற வேலை, உட்கார்ந்தபடியே. பல்பு மாத்த ஸ்டூல்மேலகூட ஏறினதில்ல.”

பதிவாளர் இதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். “மரக்கால்ங்கறீங்க. அப்ப மரத்தோட அவருக்கு ஒரு தொடர்பு இருந்திருக்கு.”

“இல்லய்யா…”

“நீங்க மறைக்க வேண்டாம்மா. குடும்பத்துல ஒருத்தர் அப்படிப் போனா வெளிய சொல்லக் கூச்சம் இருக்கும். இங்க எல்லாரும் அப்படித்தான் போயிருக்காங்க. கூச்சப்பட ஒண்ணுமில்ல.”

மெக்கானிக் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தான். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிப் பழகிய குரல் அது. “சார், இதை எழுதினவர் முதல் ஆளுக்கு மட்டும் காரணம் எழுதிட்டு, மத்தவங்களுக்கு எல்லாம் மேற்படி போட்டுத் தள்ளியிருக்கார். அவ்வளவுதான் சார் விஷயம். ஒன்பது நாள் குழந்தை எப்படி சார் மரம் ஏறும்?”

“அதைத்தான் சார் நாங்களும் கேட்டோம்! அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் எங்கள் தடுப்புப் பிரிவு. வாங்க, காட்டறேன்.”

மாடி முழுக்க ‘மரத்திலிருந்து விழுதல் தடுப்புப் பிரிவு’. இயக்குநர் ஒருவர், துணை இயக்குநர்கள் இரண்டு பேர், ஏணிகள் பதினான்கு. சுவரில் ஊரின் வரைபடம். ஜன்னல் வழியாகப் பார்த்தபோதுதான் மெக்கானிக்குக்கு, பஸ்ஸிலிருந்து இறங்கியது முதல் தன் தலை ஏன் கொதிக்கிறது என்று புரிந்தது. ஊரில் இருந்த ஒவ்வொரு மரமும் மார்பளவு உயரத்தில் வெட்டப்பட்டிருந்தது. நிழலுக்கு ஒதுங்க இடமில்லாமல் ஜனங்கள் சுவரை ஒட்டி நடந்துகொண்டிருந்தார்கள்.

“பதினொரு ஆண்டுகளில் நானூற்றுப் பன்னிரண்டு” என்றார் இயக்குநர். “எங்கள் பிரிவு தொடங்கிய மறு ஆண்டு, பூஜ்யம். அன்றிலிருந்து இன்றுவரை பூஜ்யம். உலகத்தில் எந்தத் தடுப்புத் திட்டமாவது இப்படி ஜெயித்திருக்கிறதா, சொல்லுங்கள்!”

பிரிவு தொடங்கிய வருடம்தான் மேற்படி எழுதிய எழுத்தர் அந்த நாற்காலியை விட்டு எழுந்து, பதவி உயர்வு பெற்று, இந்தப் பிரிவுக்கே முதல் தலைவராக வந்தார். இயக்குநர் அதைத் தற்செயல் என்று நினைக்கவில்லை. தலைமைப் பண்பு என்று நினைத்தார்.

“சரி சார், திருத்தம் பண்ண என்ன செய்யணும்?” என்றான் மெக்கானிக்.

பதிவாளர் முகம் மலர்ந்தது. திருத்தக் கோரிக்கைப் படிவம் இருந்தது. யாரும் கேட்காததால் தூசி தட்டித்தான் எடுத்தார்கள். ஒன்பதாவது கேள்வியில் அத்தை நின்றுவிட்டாள். ‘இறந்தவர் எந்த மரத்திலிருந்து விழவில்லை? மரத்தின் இனம், வயது, உயரம் குறிப்பிடவும்.’

“எந்த மரத்துலேர்ந்தும் விழலைய்யா!”

“அப்படி மொத்தமா எழுதக் கூடாதும்மா. ஒரு மரத்துக்கு ஒரு படிவம். கூடவே, அந்த மரம் அப்ப இருந்துச்சுன்னு தடுப்புப் பிரிவு ஒரு சான்றிதழ் தரணும்.”

“மரத்தையெல்லாம்தான் வெட்டிட்டீங்களே!”

“ஆமாம்மா. அதனாலதான் இன்னிவரைக்கும் ஒரு திருத்தம்கூட நடக்கல. பதிவேடு அவ்வளவு சுத்தம்.”

மெக்கானிக்கின் குரல் முதல் தடவையாக ஏறியது. “சார், ஒரு பொண்ணு வீட்டுல படுத்திருக்கா. கிரவுண்டுல விழுந்தவ அடுத்த தடவை எழுந்திருப்பாளான்னு தெரியாது. உங்க பதிவேடு சுத்தமா இருந்தா எனக்கென்ன, அழுக்கா இருந்தா எனக்கென்ன? எங்க தாத்தாவுக்கு ஒரே ஒரு வரி நிஜத்தை எழுதிக் குடுங்க.”

“உங்க தவிப்பு புரியுது சார். நானும் பொண்ணு பெத்தவன். ஆனா ஒருத்தருக்கு மாத்தினா மத்த நானூத்திப் பதினொரு பேரும் இறங்கி வருவாங்களே.”

“மரத்துலேர்ந்தா?” என்றாள் அத்தை.

பதிவாளருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வேறொரு யோசனை சொன்னார். அன்றைக்குத் தடுப்புப் பிரிவின் ஆண்டு விழா. அந்தப் பழைய எழுத்தரே சிறப்பு விருந்தினர். எண்பத்தாறு வயது, நல்ல ஞாபகம். “அவரையே கேட்டுடுங்க. விழா முடிஞ்சதும் ஒரு நிமிஷம் வாங்கித் தரேன்.”

விழா கீழ்த்தளக் கூடத்தில், பதிவேடு கிடந்த மேஜைக்கு எதிரிலேயே நடந்தது. ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் அலுவலக ஊழியர்கள், மீதிப் பேர் கழுத்தில் அட்டையோடு வந்து மாட்டிக்கொண்டவர்கள். எழுத்தரைக் கைத்தாங்கலாக மேடையேற்றினார்கள். அவருக்கு எட்டாவது கேடயம் கொடுத்தார்கள். அவர் மைக்கைப் பிடித்ததும் தளர்ச்சி எல்லாம் போய்விட்டது.

“எல்லாரும் என்னைக் கேக்கறாங்க, உங்க வெற்றிக்கு ரகசியம் என்னன்னு. சொல்றேன். எனக்கு முன்னாடி அந்த சீட்டுல இருந்தவன் எல்லாத்தையும் விசாரிச்சு எழுதுவான். எப்படி ஆச்சு, எத்தனை நாளா, எங்க வலிச்சுதுன்னு. ஜனங்க அழுவாங்க. ஒருத்தர் அழுதா அரை மணி நேரம் போச்சு. வாசல்வரைக்கும் வரிசை நிக்கும். நான் வந்தேன். பேரு கேப்பேன், தகப்பன் பேரு கேப்பேன், வயசு கேப்பேன், வீடு கேப்பேன். செத்த இடம் கேட்டே ஆகணும், அடக்கம் பண்ண அனுமதி அதை வெச்சுத்தான் குடுப்பாங்க. காரணத்தை மட்டும் கேக்க மாட்டேன். காரணம் யாருக்கு வேணும்? செத்தவனுக்கா? பதினொரு வருஷம். என் சீட்டு முன்னாடி ஒரு பய நின்னு அழுதது கிடையாது!”

கூடம் அதிரக் கைதட்டினார்கள். அட்டை மாட்டியவர்களும் தட்டினார்கள். தட்டிய பிறகு சிலர் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

மெக்கானிக் கைதட்டவில்லை. கிழவர் சொன்னதில் ஒரு வாக்கியம் அவனைப் பிடித்துக்கொண்டது. எழுந்து பதிவேட்டின் பக்கம் போனான். காரணம் என்ற கட்டத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டான். மீதிக் கட்டங்களை மட்டும் படித்தான்.

தாத்தா. முப்பத்தேழு. வீட்டு எண் பதினேழு. இறந்த இடம்: படுக்கை.

உதவியாளர் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் கையை உயர்த்தவில்லை. தானே பக்கங்களைப் புரட்டினான், பின்னோக்கி, பிறகு முன்னோக்கி, பதினேழு பதினேழு என்று விரல் ஓட. இரண்டாவது பதிவேட்டில் ஒன்று: ஆண், நாற்பத்தொன்று, வீட்டு எண் பதினேழு, இடம்: சாப்பாட்டு மேஜை. நான்காவதில் ஒன்று: ஆண், முப்பத்துநான்கு, வீட்டு எண் பதினேழு, இடம்: வாசல்படி. மூன்று பேருக்கும் ஒரே தகப்பன் பெயர்.

“அத்தை, உங்கப்பாவுக்குக் கூடப் பிறந்தவங்க இருந்தாங்களா?”

“பெரியப்பா ஒருத்தர், சித்தப்பா ஒருத்தர். பெரியப்பா முகமே ஞாபகமில்ல. ஊரை விட்டு வந்தப்புறம் யாரையும் பார்த்ததில்ல. ஏன்டா?”

அவன் சொன்னான். அவன் விரித்துக் காட்டிய மூன்று வரிகளையும் அத்தை வரிசை எண்ணிலிருந்து தானே ஒருமுறை படித்தாள். அம்மா ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அறுபது வருடம் கழித்து அவளுக்கு விளங்கியது. புருஷனின் அண்ணனை எடுத்த வீட்டில் புருஷனையும் எடுத்த பிறகு, மூன்று வயது மகனை அங்கே வைத்துக்கொள்ள அவளுக்குத் துணிச்சல் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத அவள் கணக்காகப் புரிந்துகொண்டதை, படித்தவர்கள் எட்டுக் கேடயம் வாங்கி மூடிவைத்திருக்கிறார்கள்.

அதற்குள் உதவியாளர் பார்த்துவிட்டார். விழா நின்றது. பதிவாளர் இறங்கி வந்து, பதிவேட்டைத் துணியோடு சுருட்டி எடுத்து உதவியாளரிடம் கொடுத்து, உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னார்.

“நீங்களே புரட்டியிருக்கீங்க. இது குற்றம் சார்.”

“மரத்துலேர்ந்து விழுந்தவன் படுக்கையில எப்படி சார் செத்தான்? சாப்பாட்டு மேஜையில எப்படி செத்தான்?”

பதிவாளர் ஒரு கணம்தான் யோசித்தார். ஏழு கேடயம் வாங்கியவர். அவருக்கு மைக்கே தேவைப்படவில்லை.

“இதுதான் எங்கள் ஊர் மக்களின் நெஞ்சுரம்! விழுந்த இடத்தில் அவர்கள் செத்ததில்லை. விழுந்தார்கள், எழுந்தார்கள், நடந்து வீட்டுக்கு வந்தார்கள், சிலர் சாப்பிட்டும் இருக்கிறார்கள். கடமையை முடித்த பிறகே கண்ணை மூடினார்கள்! உங்கள் பதினேழாம் எண் வீட்டில் மூன்று பேர் என்கிறீர்கள். அப்படியானால் இந்த ஊரிலேயே அதிகம் மரம் ஏறிய வீரக் குடும்பம் உங்களுடையது. அந்த வீட்டு வாசலில் ஒரு கல்வெட்டு வைக்க இங்கேயே உத்தரவிடுகிறேன். அதோடு, உங்கள் பெண்ணின் நலன் கருதி, அவர் இனி எந்த மரத்திலும் ஏறக் கூடாது என்று அதிகாரபூர்வ எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் தருகிறோம். இலவசமாக!”

உதவியாளர் கைதட்டினார். இந்த முறை அவர் மட்டும்தான் தட்டினார்.

அந்த அலமாரியையும் அதிலுள்ள ஏழு கேடயங்களையும், மேடையில் கிழவர் மடியில் இருந்த எட்டாவதையும் என்ன செய்யலாம் என்று மெக்கானிக் நினைத்ததை இங்கே எழுத முடியாது. செய்யவில்லை. வெளியே வாசலுக்கு வந்து டாக்டரைக் கூப்பிட்டான். பதிவேடு பூட்டுக்குள் போயிருந்தது. ஆனால் அத்தை பக்கத்தில் நின்று, வரிசை எண், வயது, தேதி, இடம் என்று ஒன்றுவிடாமல் எக்ஸ்சேஞ்ச் குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் போனில் திருப்பிச் சொன்னான்.

“மூணு பேரும் அண்ணன் தம்பிங்களா?” என்றார் டாக்டர். “வயசை இன்னொரு தடவை சொல்லுங்க.”

“நாற்பத்தொண்ணு, முப்பத்தேழு, முப்பத்திநாலு.”

“காரணம்னு என்ன போட்டிருக்கு?”

“மரத்துலேர்ந்து விழுந்தாங்கன்னு போட்டிருக்கு டாக்டர். மூணு பேரும்.”

“எந்த முட்டாள் எழுதினான் அதை?”

“இப்பதான் அவருக்குக் கேடயம் குடுத்தாங்க.”

“அதை விடுங்க. வயசும் இடமும் போதும் எனக்கு. பொண்ணை நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் அவ மாடிப்படிகூட ஏற வேண்டாம். அப்புறம்…” டாக்டர் நிறுத்தினார். “உங்களுக்கு என்ன வயசு?”

“நாற்பது.”

“நீங்களும் வெறும் வயித்தோட வாங்க.”

போனை வைத்தபோது அவனுக்குப் பெண்ணின் ஞாபகம் வரவில்லை, தன் ஞாபகமும் வரவில்லை. அண்ணன்தான் வந்தான். முப்பத்தொன்பது. சோற்றில் வைத்த கை அப்படியே இருக்கச் சரிந்தவன். மூன்று வருடம் முன்பும் இந்த மூன்று வரிகளும் இதே கட்டிடத்தில், இதே துணிக்குள் சுருட்டித்தான் இருந்தன. யாராவது கேட்டு எழுதியிருந்தால் அவன் நெஞ்சிலும் ஒரு சின்ன மெஷின் இருந்திருக்கும்.

“வா அத்தை, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

அத்தை வரவில்லை, உள்ளே திரும்பிப் போனாள். கழுத்து அட்டையைக் கழற்றிக் கவுன்ட்டர்மேல் போட்டுவிட்டு வரிசையைப் பார்த்தாள். விழா நின்றுபோனதால் ஜனங்கள் மறுபடி கவுன்ட்டர் முன்னால் சேர்ந்திருந்தார்கள். முதலில் கையில் படிவத்தோடு ஒரு பெண், முப்பது வயதிருக்கும். ஏழாவது கேள்வியில் கண்ணீர் என்று டிக் செய்திருந்தாள்.

“யாரைத் தேடிம்மா வந்தே?”

“எங்க அம்மாவோட அம்மாவைம்மா. மரத்துலேர்ந்து விழுந்துட்டாங்களாம்.”

“அது கிடக்கட்டும். காரணத்தைக் கேக்காத. எத்தனை வயசுன்னு கேளு. எங்க செத்தாங்கன்னு கேளு. அதே வீட்டு நம்பர்ல வேற யார் யார் போனாங்க, அவங்களுக்கு என்ன வயசுன்னு கேளு.”

அந்தப் பெண் படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்து வெள்ளைத் தாளில் எழுத ஆரம்பித்தாள். பின்னால் நின்றவர்கள் கிட்டே வந்தார்கள். ஒரே மாதத்தில் எட்டுப் பேர் போன தெருக்காரர் ஒருவர் பேனா இருக்கிறதா என்று பக்கத்து ஆளைக் கேட்டார்.

“மேடம், வரிசை கலையுது” என்றாள் கவுன்ட்டர் பெண்.

அத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னாள், கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி.